பின்சீட்டு இல்லாத தவக்களை

போன சனிக்கிழமை ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனேன். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்கூடு. கோழிக்கூட்டைப் பார்த்து யாராவது அப்படியே நின்று போவார்களா? நான் நின்றேன். அதன் கூரை ஒரு காரின் பானெட். ஒரு காலத்தில் வாழையிலைப் பச்சையாக இருந்தது, வெயிலும் மழையும் பட்டுப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. முன்பக்கம் இரண்டு புடைப்பு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கண்ணிமை மாதிரி. வேறெந்தக் காருக்கும் அந்த இமை கிடையாது.

வீட்டுக்காரர் துண்டு நீட்டிக்கொண்டே சொன்னார்: "அது ஆக்கர் கடையில கெடந்ததாக்கும். பழைய ஒரு சின்னக் காறு உண்டும்லா, பொளிஞ்ஞு போன கம்பெனி."

ஆக்கர் கடை என்றால் பழைய இரும்புக் கடை. பொளிஞ்ஞு என்று எங்கள் பக்கத்தில் சுவர் இடிந்து விழுந்தாலும் சொல்வோம், வியாபாரம் நொடித்துப் போனாலும் சொல்வோம். எனக்குக் காதில் சூடாக ஏதோ ஊற்றியது போல இருந்தது. "யாரு சொன்னா பொளிஞ்ஞுதுண்ணு?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பந்தியில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவருக்கு என்னுடைய இந்த நோய் தெரியும். பாயசக் கிளாசோடு வந்து, "வா, ஆறிப்போவும்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார். வீட்டில் இந்தக் கதையை இனிக் கேட்க ஆளில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னாலும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தொழிற்சாலை வடக்கே எங்கோ இருந்தது. கார்கள் லாரியில் ஏறி, ஆறு கடந்து மலை கடந்து, உதியன்குளங்கரையில் எங்கள் ஷோரூம் வாசலில் வந்து இறங்கும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில், முன்பு ஓடு விற்ற கட்டடம். முன்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டு ஷோரூம் ஆக்கியிருந்தார்கள். பின்னால் ஒரு பலாமரம். சீசனில் பலாப்பழ வாசனையும் புது ரெக்ஸின் வாசனையும் கலந்து ஒரு மணம் வரும் பாருங்கள், அதை எந்த சென்ட் பாட்டிலிலும் அடைக்க முடியாது. முதல் மாதம் முழுக்க எனக்குத் தலைவலி. அப்புறம் அது இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி.

நான் காரோட்டுக்காரி, காரோடு எங்கள் ஊர். மிஷன் காலத்துச் சபைக் குடும்பம். எங்கள் வீட்டில் பெண்கள் படித்தால் நர்ஸ், இல்லை டீச்சர். நான் பி.காம் படித்துவிட்டுக் கார் கடையில் வேலை என்றதும் அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "காறு விக்கதுக்கா ஒன்ன படிக்க வச்சேன்?" அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. நான் சேர்ந்த பிறகு வெகுகாலம் நாங்கள் ஒரு காரும் விற்கவில்லை.

அந்தக் கம்பெனி அதுவரை பெரிய கார் மட்டும்தான் செய்தது. கல்யாண வீட்டுக்கும் மந்திரிக்கும் ஏற்ற நீளக் கார். சுகுமாரண்ணன் அதற்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்திருந்தார். சுகுமாரண்ணன் எங்கள் மெக்கானிக். அமரவிளைக்காரர், மலையாளம்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழ். கப்பல் எண்ணெய் குடிக்கும். எங்கள் ஊர் இடவழிகளில் திரும்பாது. மற்ற கம்பெனிக்காரர்கள் சின்னக் கார்களாக இறக்கி ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் கப்பல் இரண்டும் கண்ணாடிக்குள்ளே நின்றுகொண்டிருந்தன. தினமும் காலையில் நான் அவற்றைத் துடைப்பேன். பி.காம் படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது.

முதலாளி ஸ்டான்லி சார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, மேல்பொத்தான் வரை போட்டிருப்பார். அப்பன் வைத்துவிட்டுப் போன ரப்பர் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் அந்த ஏஜென்சியை எடுத்திருந்தார். ஒருநாள் எறணாகுளத்தில் டீலர்கள் கூட்டம் என்று போனவர், மறுநாள் முகம் வாடி வந்தார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரு சின்ன வண்டி வருது. கம்பெனி கையில வேற ஒண்ணும் இல்ல. இது ஓடினா கம்பெனி உண்டு. ஓடல்லேண்ணா கேட்ட பூட்டிருவாம். பெரிய ஆளே மைக்கில சொல்லிப்போட்டாரு."

"அப்ப நம்ம?" என்றேன்.

"நம்ம மட்டும் தனியாவா கெடக்கோம்?"

அந்தச் சின்ன வண்டியைச் செய்த விதத்தை சுகுமாரண்ணன் சொல்லித்தான் கேட்க வேண்டும். இல்லாத வீட்டில் திடீரென்று விருந்தாளி வந்தால் பலகாரம் எப்படிச் செய்வோம்? டப்பாவின் அடியில் கிடக்கும் ரவையும், நேற்றுத் துருவின தேங்காயும், எறும்பு மொய்த்த வெல்லமும் சேர்த்து எதையோ கிளறி வைப்போமே, அதேதான். கப்பலின் எஞ்சினில் ஒரு சிலிண்டரைக் குறைத்தார்கள். நாலு அடுப்பில் ஒன்றை அணைத்த கணக்கு என்பார் அவர். கதவுப் பிடி பழைய ஜீப்பினுடையது. டாஷ்போர்டு டாக்ஸி மாடலில் மிஞ்சியது. முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். புதிதாக எதையும் செய்யக் கம்பெனிக்கு வக்கில்லை. இருந்ததை வெட்டி ஒட்டி உயிர் பிழைக்கப் பார்த்தது.

லாரியிலிருந்து அது இறங்கிய அன்று சாலையில் சின்னக் கூட்டம். வாழையிலைப் பச்சை, அகன்ற வாய், புடைத்த கண். பேருந்துக்கு நின்ற ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "எலே, தவக்களையில்லியா இது!" அவ்வளவுதான். கம்பெனி ஏதோ வாயில் நுழையாத இத்தாலியப் பெயர் வைத்திருந்தது. அதைக் கம்பெனி ஆட்களைத் தவிர எவரும் சொல்லவில்லை. ஸ்டான்லி சார் இடிந்துபோய் உட்கார்ந்தார். சுகுமாரண்ணன் பானெட்டைத் தட்டிக்கொண்டு சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "சாறு பேடிக்கண்டா. தவள வெள்ளத்தில் முங்ஙிச் சாவூல."

பயப்படாதீர்கள், தவளை தண்ணீரில் மூழ்கிச் சாகாது என்று அர்த்தம். சாகவில்லைதான், ஆனால் நீந்தவும் இல்லை. கம்பெனி அனுப்பிய விளம்பரப் பலகையில் ஒரு பட்டணத்து ஜோடி. அவள் கையில் பூங்கொத்து, அவன் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எங்கள் ஊரில் அந்த மாதிரி ஜோடி எங்கே இருக்கிறது? வந்தவர்கள் கதவைத் திறந்து திறந்து அடைத்தார்கள், உட்கார்ந்து குலுக்கிப் பார்த்தார்கள், "கம்பெனி பொளியப் போவுதாமே, ஸ்பேர் கிட்டுமா?" என்று கேட்டுவிட்டு நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் வேறு கம்பெனியின் ஷோரூம். அங்கே கழுத்துப்பட்டை கட்டிய பையன்கள் எங்களைப் பார்த்துத் தவளை மாதிரி சத்தம் போடுவார்கள். நானும் ஒருநாள் நாக்கைத் துருத்திக் காட்டினேன். ஸ்டான்லி சார் பார்த்துவிட்டார். கண்டுகொள்ளாதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் பிலோமினா அக்கா வந்தார்.

நல்ல வெயில் நேரம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய வயது, கைலியும் ஜம்பரும், தோளில் துண்டு, பக்கத்தில் தரையில் பெரிய அலுமினியச் சருவம். அதில் பாதிக்குக் கீழே சாளை மீன், மேலே மண் ஒட்டிக் கிடந்தது. பொழியூரிலிருந்து வரும் மீன்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது. முழங்கையில் சிராய்ப்பு, ரத்தம் காய்ந்திருந்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நாற்றம் அடிக்கிறது என்று யாரோ முணுமுணுக்க, கண்டக்டர் சருவத்தைக் காலால் தள்ளி இறக்கிவிட்டிருக்கிறார். மீன் ரோடெல்லாம் சிதறிவிட்டது. பொறுக்கின மட்டும் பொறுக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். இதெல்லாம் அன்று புதுசில்லை. மீன் சருவத்தோடு நிற்கும் பெண்ணைக் கண்டால் பஸ் நிற்காமல் போகும். ஆட்டோக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடுதல் கேட்பார்கள். மீனை மட்டும் எல்லார் வீட்டிலும் தின்பார்கள்.

"தண்ணி வேணுமா அக்கா?"

"தண்ணி இருக்கட்டு மக்கா. இந்தத் தவக்களைக்கு என்ன வெல?"

முதலில் கேலி என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை. கண் காரை விட்டு நகரவே இல்லை.

"எதுத்த கடையில கேட்டேன். கதவு தொறக்கல்ல. கைய காட்டி போ போண்ணான்."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ வேகம். கதவை விரியத் திறந்தேன். சருவத்தையும் நானே ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டு வந்து பளபளத்த தரையில் வைத்தேன். பிலோமினா அக்கா துண்டால் கால் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். அந்தப் பார்வையில் உதியன்குளங்கரை இல்லை, வேறு எதுவோ தெரிந்துகொண்டிருந்தது. பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"பொறத்த உள்ள சீட்ட எளக்கி எடுக்க ஒக்குமா?"

"எதுக்கு அக்கா?"

"சருவம் எங்க வைக்க? எனக்க மடியிலயா?"

ஸ்டான்லி சார் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். மூக்கைச் சுளித்தார், தரையில் சருவத்தைப் பார்த்தார், காருக்குள் இருந்தவரைப் பார்த்தார். எனக்கு வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன். அவர் அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு, "ஃபேன கொஞ்சம் கூட்டி வை. மணம் போயிரும். வந்த ஆளு போனா வராது" என்றார். சாரை அன்றுதான் எனக்கு முழுசாகப் பிடித்தது.

பிலோமினா அக்காவின் மாப்பிள்ளை, அதாவது புருஷன், கடலில் போய்த் திரும்பாதவர். இரண்டு மகன்கள் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறார்கள். கரையில் ஏலம் எடுத்து நெய்யாற்றின்கரைச் சந்தையிலும் வீடு வீடாகவும் விற்பது அக்கா. யோசித்துவிட்டு வருகிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. மறுநாளே கரையோரச் சங்கத்தின் செயலாளரைக் கூட்டி வந்து கடனுக்கு வழி செய்து, புக் பண்ணிவிட்டுப் போனார். எங்கள் ஷோரூமின் முதல் தவக்களை அது.

இந்தச் செய்தி மேலே போயிற்று. அங்கிருந்து ரமேஷ் வந்தார். ஏரியா மேனேஜர், சென்னைக்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கையில் ஒரு தோல் பை, நெற்றியில் வியர்வை. வந்ததும் வராததுமாக ஸ்டான்லி சாரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இது ஃபேமிலி கார். நகரத்துல இருக்கிற இளம் தம்பதிகளுக்காகச் செஞ்சது. நீங்க முதல் வண்டியையே மீன் வண்டி ஆக்குறீங்க. பின்சீட்டை எடுத்தா வாரண்டி கிடையாது. மீன் நாத்தம் அடிக்கிற வண்டின்னு பேர் வந்துச்சுன்னா யாரு சார் வாங்குவான்? டெலிவரி கொடுக்காதீங்க. கொடுத்தா உங்க ஏஜென்சிக்கு நான் பொறுப்பில்ல."

ஸ்டான்லி சார் மேல்பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏஜென்சி போனால் அவருக்கு மிச்சம் கொஞ்சம் ரப்பர் மரமும் நிறைய நாக்குகளின் பேச்சும்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அக்காவின் முழங்கைச் சிராய்ப்பு கண் முன்னால் வந்துவிட்டது. எதிர்க்கடைக்காரன் போ போ என்று காட்டிய கை வந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளுக்கு அங்கே என்ன பேச்சு? பேசிவிட்டேன்.

"சார், பூட்டப் போற கம்பெனிக்கு மணம் என்ன, நாத்தம் என்ன? பூங்கொத்து பிடிச்சவ வருவாண்ணு பாத்துப் பாத்து எங்க கண்ணு பூத்துப் போச்சு. ஒருத்தி வரல்ல. வந்தது இந்த அக்காதான். இவங்களுக்கும் குடுக்கல்லேண்ணா ஒங்க வண்டிய யாருக்கு சார் குடுக்கப் போறிய?"

சுகுமாரண்ணன் ஸ்பானரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. ரமேஷ் என்னை முறைத்தார். அப்போதுதான் அவர் ஷூவின் அடிப்பாகம் பிளந்து, நூலால் கட்டியிருப்பதைப் பார்த்தேன். அவருக்கும் பல மாதமாகச் சம்பளம் சரியாக வரவில்லை என்று பிறகு தெரிந்தது. "என்னமோ பண்ணுங்க. நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் பிடிக்கப் போனார். கார் கம்பெனி மேனேஜர் பஸ்ஸில்!

சார் மேல்பொத்தானிலிருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார்: "சுகுமாரா, சீட்ட எளக்கு."

சீட்டைக் கழற்றுவது சுலபம். அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் பாடு. பொழியூர்ப் பள்ளி மைதானத்தில் சுகுமாரண்ணன் பழக்கினார். கடல் சுவர்மேல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் அக்கா ஹார்ன் அடிப்பார். "மாறுங்கலே, வாறேன்!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்துவார். ஒரு தென்னங்கன்று போயிற்று, ஒரு சைக்கிளும் போயிற்று. சுகுமாரண்ணன் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் சுத்தத் தமிழில் பேசிக்கொண்டே திரும்பி வருவார். ஆனாலும் லைசன்ஸ் டெஸ்டில் அக்கா ஒரே தடவையில் தேறிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு நெஞ்சுவலி வரவில்லை என்பதற்கு நானே சாட்சி.

டெலிவரிக்கு முந்தின வாரம் பத்திரிகையில் வந்துவிட்டது: கம்பெனி மூடப்படும் என்று. பெரிய எழுத்தில், கூடவே பூட்டிய கேட்டின் படமும். அதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்குப் பிறகு புக் பண்ணியிருந்த வேறு இரண்டு பேர் வந்து வேண்டாம் என்றார்கள். மூன்றாவதாக அக்கா வருவது கண்ணாடிவழியே தெரிந்தது. கையில் அதே பத்திரிகை. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டான்லி சார் எழுந்து நின்று, அவர் வாயைத் திறக்கும் முன்பே, "மனசிலாச்சு அக்கா. தடை ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேண்டாண்ணா வேண்டாம்" என்றார்.

"எது வேண்டாம்?"

"வண்டி. கம்பெனி பூட்டப் போவுது இல்லியா?"

அக்கா சாரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்க மாப்பிளைக்கு கட்டுமரம் செஞ்சு குடுத்த ஆசாரி மறு வருசமே செத்துப் போனாரு. அதுக்காட்டு மரம் கடலில போவாம இருந்துதா? வண்டி எப்பம் தருவிய? அத சொல்லுங்க."

பத்திரிகையை எதற்குக் கொண்டுவந்தார் என்றால், சீட்டை எடுத்த இடத்தில் விரிக்கக் காகிதம் போதுமா, தார்ப்பாய் வேண்டுமா என்று கேட்க. ஸ்டான்லி சார் சிரிக்க ஆரம்பித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. மேல்பொத்தான் தெறித்து விழுந்துவிட்டது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

டெலிவரியைப் பொழியூரிலேயே வைத்தோம். பள்ளி மைதானத்தில் அச்சன் வந்து வண்டிக்கு மேல் புனித நீர் தெளித்து மந்திரித்தார். கரை முழுக்கத் திரண்டிருந்தது. பின்னால் அலை அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் கியரில் போட்டு, ஒரு பெரிய குலுக்கலோடு கிளம்பினார். மூன்று சிலிண்டர் வண்டி நின்றாலே நடுங்கும், கிளம்பினால் கேட்கவே வேண்டாம். கூட்டம் கூவியது. கடல் சுவரில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள்.

முதல் வாரம் நானும் அவரோடு சந்தைக்குப் போனேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க என்று சாரிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு ஆசை. மழைக்காலம். ஒற்றை வைப்பர் மூச்சு வாங்கிக்கொண்டு இடமும் வலமும் ஓடியது. உச்சக்கடை தாண்டியதும் ஒரு பஸ் பழுதாகி ஓரமாக நின்றது. ஆட்கள் மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தார்கள். அக்கா சட்டென்று பிரேக் போட்டார். "கண்டியா? அவன்தான்" என்றார். மீன் சருவத்தைத் தள்ளிய கண்டக்டர். தோளில் பை, தலையில் கைக்குட்டை.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். சண்டை போடப் போகிறார் என்று பயம். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"மோனே, கேறுந்நோ? மீனின்றெ மணம் உண்டு. சகிக்காமெங்கில் கேறு."

மீன் வாசம் பொறுத்துக்கொள்ள முடிந்தால் ஏறு என்று அவர் மலையாளத்தில் கூப்பிட்டதும், அவன் அடையாளம் கண்டுகொண்டான். முகம் கறுத்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மழையிலேயே நின்றான். அதுவும் ஒரு வீம்புதான், சொல்ல வேண்டும். ஆனால் பஸ்ஸில் வந்த மூன்று பெண்கள், தாலுகா ஆபீசுக்கோ எங்கேயோ போகிறவர்கள், சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பின்னால் ஏறினார்கள். சருவங்களுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிமேல் நெருக்கி உட்கார்ந்தார்கள். நெய்யாற்றின்கரை வரை ஒருத்தியும் மூக்கைப் பொத்தவில்லை. இறங்கும்போது ஒருத்தி அயிலை எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொண்டும் போனாள்.

அதற்குப் பிறகு பொழியூர்ப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி. அப்புறம் காரோட்டிலிருந்து வாழைக்குலைக்காரர், எங்கள் சபையில் பாடல்குழு நடத்தும் ஒருவர், மலைப்பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் கொண்டு போகிற தம்பதி. பூங்கொத்து மட்டும் யாரும் கொண்டு வரவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: பின்சீட்டை இளக்கித் தாருங்கள். கழற்றிய சீட்டுகளை எங்கே வைப்பது? ஷெட் நிறைந்துவிட்டது. ஒன்றை டீக்கடைக்காரர் கேட்டு வாங்கி வாசலில் போட்டார். ஒன்று முடிவெட்டும் கடைக்குப் போயிற்று. ஒன்று பேருந்து நிறுத்தத்துக்கு. உதியன்குளங்கரையில் அந்தக் காலத்தில் யார் எங்கே உட்கார்ந்தாலும் எங்கள் கம்பெனியின் ரெக்ஸினில்தான் உட்கார்ந்தார்கள்.

ரமேஷ் திரும்ப வந்தார். இந்தத் தடவை கூடவே தொழிற்சாலையிலிருந்து ஒரு எஞ்சினியர். டீக்கடை வாசலில் தங்கள் சீட்டில் நாலு பேர் பீடி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எஞ்சினியர் அப்படியே நின்றுவிட்டார். நான் மனசுக்குள் தயாராகிக்கொண்டேன், சண்டைக்குத்தான். அவர் ஷெட்டுக்குள் போய், அடுக்கியிருந்த சீட்டுகளைப் பார்த்து, ரமேஷிடம் ஏதோ ஹிந்தியில் கேட்டார். ரமேஷ் என்னிடம் திரும்பினார். முகத்தில் பழைய கடுமை இல்லை.

"மேடம், அந்த மீன்காரம்மாவோட வண்டியைப் பார்க்கணுமாம்."

பார்த்தார்கள். உப்பு தின்ற தரையைக் குனிந்து தடவிப் பார்த்தார் எஞ்சினியர். அக்கா அவருக்கு நெத்தோலி வறுத்துக் கொடுத்தார். பிறகு கம்பெனி ஒரு மாடல் இறக்கியது: மடித்துப் போடும் பின்சீட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவும் ரப்பர் தரை, உப்புக்குத் தாங்கும் அடிப்பூச்சு. பலகையிலிருந்து பூங்கொத்து ஜோடி போய், மூட்டை ஏற்றும் ஒரு குடும்பம் வந்தது. எங்களால்தான் கம்பெனி பிழைத்தது என்று சொன்னால் நானே சிரிப்பேன். தேசம் முழுக்க சின்ன ஊர்களில் எங்களைப் போலப் பலர் சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், மாட்டுத் தீவனத்துக்கும் தக்காளிக்கும். கம்பெனி அதைக் கடைசியில் கண் திறந்து பார்த்தது. அதனால் பிழைத்தது. பூட்டுவார்கள் என்று சொன்ன கேட்டுக்குள் மறுபடி இரண்டு ஷிப்டு ஓடியது. பூட்டு என்று பெரிய எழுத்தில் போட்ட பத்திரிகை, பிழைத்ததை உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டது. ஸ்டான்லி சார் அதை வெட்டிப் பெரிதாக நகலெடுத்து, எதிர்ஷோரூமுக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடியில் ஒட்டினார். அந்தப் பெரிய மனுசர் வாழ்க்கையில் செய்த ஒரே குறும்பு அதுதான்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் ஊகிக்கிறபடிதான். நல்ல நிலைக்கு வந்த கம்பெனியை அதைவிடப் பெரிய ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. பெயரை எடுத்தார்கள். சின்ன வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். அது விழுந்தது அல்ல, விலைபோனது. எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம், யார் பாயசம் கொடுத்து வாயை அடைத்தாலும். ஸ்டான்லி சார் இறந்துவிட்டார். சுகுமாரண்ணன் மகளோடு வெளிநாட்டில். எங்கள் கண்ணாடிக் கட்டடத்தைச் சாலை அகலப்படுத்த என்று பாதி இடித்தார்கள், மிச்சத்தில் இப்போது செல்போன் கடை. காரோட்டுப் பக்கம் புது பைபாஸ் வந்த பிறகு, நெடுந்தூர வண்டிகள் உதியன்குளங்கரையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த மறுநாள், ஞாயிறு மதியம், நான் காரோட்டுக்குப் போனேன். பிலோமினா அக்கா இப்போது அங்கே மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். பொழியூரில் அவர் இருந்த தெரு இல்லை. கடல் முதலில் சுவரைத் தின்றது, பிறகு மைதானத்தை, பிறகு ஒவ்வொரு வீடாக. அச்சன் வண்டியை மந்திரித்த இடத்தில் இன்று வள்ளம் போகிறது.

வயதாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். மகனின் மீன் லோடு வண்டி வாசலில் நின்றது, ஐஸ் பெட்டி பொருத்திய பெரிய வண்டி. பழைய வண்டியைப் பற்றிக் கேட்டேன். உப்பு தின்று அடி முழுக்க ஓட்டையாகி, கடைசியில் ஆக்கர் கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பிறகு தெருவைப் பற்றிப் பேசினோம். அவர் வீடு இருந்த இடத்தை, பள்ளியை, அதற்கடுத்த வீடுகளை, அந்தந்த வீட்டுக்காரர்களின் பெயரோடு சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் மிச்சமில்லை.

"எல்லாம் போச்சே அக்கா" என்றேன். என்னையும் அறியாமல் குரல் இறங்கிவிட்டது.

அவர் என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். வலித்தது.

"எதுக்கு பிள்ளே மூஞ்சிய தூக்கிட்டு இருக்க? வண்டி போச்சு. தெரு போச்சு. நான் இஞ்ச இருக்கேனாக்கும்."